எம்ஜிபி காருக்குள் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்குவது எப்படி

இன்ஜினைக் கிரேனில் தூக்கி வண்டிக்குள் இறக்குவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையும், பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துச் செய்கிற வேலையும்தான் இரண்டு சனி ஞாயிறுகளை விழுங்கும். முதல் தடவை இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் தூக்குவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், கடைசியில் என்னைப் பாடாய்ப் படுத்தியது தூக்குவது இல்லை, கியர்பாக்ஸுக்கு அடியில் வரும் ஒரு குறுக்குச் சட்டம். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி எம்ஜிபி. 1962-லிருந்து 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இன்றைக்கும் ஒரு நட்டு முதல் முழு பாடி வரை புதிதாகக் கிடைக்கிறது, பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கை வைத்துப் பழக இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது என் கருத்து. உள்ளே இருப்பது 1798 சிசி, நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், பி சீரிஸ் இன்ஜின். என்னுடையது 1971 ஜிடி, ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள நாலு கியர் பெட்டி, லண்டனுக்கு வெளியே ஒரே ஒரு கார் நிற்கக்கூடிய கராஜில் வைத்துச் செய்தது. நான் சொல்வதெல்லாம் அந்தக் காலத்து குரோம் பம்பர் வண்டிக்குப் பொருந்தும். வாங்கி வந்த இன்ஜின் வேறு வருடத்துடையது என்றால் முதலில் எண்ணைப் பாருங்கள்: 1964 அக்டோபர் வரை கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங் தாங்கும், அதற்குப் பிறகு ஐந்து. 1967 கடைசியில் எல்லாக் கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) வந்தபோது பெட்டியே மாறியது, அதற்காக நடுச் சுரங்கத்தையும் (கியர்பாக்ஸ் உட்காரும், இரண்டு சீட்டுக்கும் நடுவில் எழும்பியிருக்கும் பகுதி) அகலமாக்கினார்கள். இதைக் கவனிக்காமல் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பெட்டியை வாங்கிவந்தால் அது கராஜ் மூலையில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்ஜினை மட்டும் தனியாக இறக்கலாமா, கியர்பாக்ஸோடு சேர்த்தா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் தொங்கிக்கொண்டிருக்கிற இன்ஜினை ஆட்டி ஆட்டி கியர்பாக்ஸ் ஷாஃப்டைக் கிளட்ச் தட்டின் பல்லுக்குள் நுழைக்க வேண்டும், பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடி இன்ஜினோடு சேரும் பெட்டியின் முன்பகுதி) மேல் போல்ட்களுக்குக் கை எட்டாது, கோபம் வரும், கோபத்தில் ஏதாவது உடையும். புதிதாகச் செய்கிறவர்கள் சேர்த்தே இறக்குங்கள். வெளியே, வெளிச்சத்தில், நாலு பக்கமும் சுற்றி வந்து இரண்டையும் பொருத்திவிட்டு ஒரே உருப்படியாக உள்ளே அனுப்புவது எவ்வளவோ மேல்.

என்னென்ன வேண்டும்?

ஒரு டன் தாங்கும் மடக்குக் கிரேன் (வாடகைக்குக் கிடைக்கும்). அதன் கையை வெளியே நீட்ட நீட்டத் தாங்கும் எடை குறையும், கையிலேயே எழுதியிருப்பார்கள், படியுங்கள். இன்ஜினும் ஓவர்டிரைவ் பெட்டியும் சேர்ந்து 200 கிலோவை ஒட்டி வரும். கிரேன் கொக்கிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் மாட்டுகிற, கைப்பிடியைச் சுற்றினால் சாய்வு மாறுகிற லெவலர் ஒன்று அவசியம், அது இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். நல்ல பெல்ட் பட்டை, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், டிராலி ஜாக்கி, நாலு ஸ்டாண்டு. ஸ்பானர் எல்லாம் அங்குல அளவு, அதாவது ஏஎஃப்: 7/16, 1/2, 9/16 இந்த மூன்றும்தான் அதிகம் புழங்கும். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் 1/2 தலையில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், இறுக்கிப் பிடித்துத் திருகினால் போல்ட் தலை உருண்டுவிடும். அப்புறம் ஒரு ஆள். ஒன்றும் தெரியாத ஆளாக இருந்தாலும் பரவாயில்லை, "நிறுத்து" என்றால் நிறுத்துகிறவராக இருந்தால் போதும்.

தரையில் செய்யும் வேலை

இப்போது விரல் எட்டுகிற எந்த இடமும் இன்னும் இரண்டு நாளில் எட்டாது என்று நினைத்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றி வாருங்கள். சந்தேகமான ஆயில் சீல், வெடித்த ரப்பர் மவுண்டு, துருப்பிடித்த தண்ணீர் வடிகுழாய் எதுவானாலும் இன்றைக்கே மாற்றுங்கள். பத்து பவுண்டு சீலுக்குக் கணக்குப் பார்த்தால் மறுபடி இவ்வளவையும் கழற்ற வேண்டியிருக்கும்.

கிராங்க் ஷாஃப்டின் பின் நுனியில் ஒரு சின்ன வெண்கல புஷ் இருக்கும், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மூக்கு அதற்குள்தான் உட்காரும். புதியதைப் போடுகிறீர்கள் என்றால் முதல் நாள் இரவே இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டுவிடுங்கள், அது ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்கிற வகை. பிளைவீல் போல்ட்கள் 40 பவுண்டு-அடி, கிளட்ச் கவர் போல்ட்கள் 25-லிருந்து 30. கவரை முடுக்கும்போது எதிரெதிராக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று மட்டும், கேக் அச்சை மூடுகிற மாதிரி பொறுமையாக. பிளைவீல் முகத்தையும் கவர் தட்டையும் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவுங்கள், ஒரு கிரீஸ் விரல் ரேகை போதும், கிளட்ச் உதறும்.

கிளட்ச் தட்டு எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பிளைவீல் பக்கம் எது என்று தட்டிலேயே அச்சடித்திருக்கும். திருப்பிப் போட்டாலும் எல்லாம் பொருந்தும், போல்ட்கள் முடுங்கும், வண்டிக்குள் இறங்கும், கடைசியில் பெடலை மிதித்தால் மட்டும் கிளட்ச் விடாது. ஆகவே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி படுத்த பிறகு "சரியாகத்தான் போட்டேனா" என்று ஒரு கேள்வி வரும், அப்போது உதவும். தட்டை நடுவில் நிறுத்த பிளாஸ்டிக் கருவி கிடைக்கிறது. நான் துடைப்பக் கட்டை ஒன்றில் டேப் சுற்றிச் சரியான பருமனுக்குக் கொண்டுவந்து அதை வைத்துத்தான் செய்தேன், ஒரு குறையும் இல்லை.

கிளட்சை விடுவிக்கும் பேரிங் இந்த வண்டியில் குண்டு பேரிங் இல்லை, கரி வளையம். தரையில் தவறவிட்டால் உடையும். அதைத் தள்ளும் கவட்டை முள்ளில் பிடித்து வைக்கும் இரண்டு கம்பிக் கிளிப்களும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள்.

சரி, இனி கல்யாணம். இன்ஜினைக் கட்டைகள் மேல் ஆடாமல் நிறுத்தி, பெட்டியை இன்னொருவர் பிடிக்க, இரண்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். பெட்டியை நாலாவது கியரில் போட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் பிளேஞ்சைக் கையால் மெல்லத் திருப்பினால் ஷாஃப்ட் சுற்றும், பல்லோடு பல் சேர்ந்த அந்த நொடியில் பெட்டி தானாகவே முன்னால் நழுவும். அப்படி நழுவாமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டதா, தயவுசெய்து போல்ட் போட்டு இழுக்காதீர்கள். பெல் ஹவுசிங் அலுமினியம், அதன் காது பட்டென்று விட்டுப்போகும். பின்னால் இழுத்து, தட்டை மறுபடி நடுப்படுத்தி, திரும்ப முயலுங்கள். பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடாது, அதன் எடை முழுவதும் அந்த மெல்லிய தட்டின் நடுவில் தொங்கி அதை வளைத்துவிடும். கையால் தள்ளியே இடைவெளி முழுசாக மூடிய பிறகுதான் போல்ட்.

ஸ்டார்ட்டர் மோட்டாரையும் வெளியிலேயே மாட்டிவிடுங்கள், அதன் கீழ் போல்ட் உள்ளே போன பிறகு ஒரு தண்டனை. ஓவர்டிரைவ், ரிவர்ஸ் விளக்கு ஒயர்களைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி, ஓவர்டிரைவ் ஒயருக்கு ஒரு பாட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், உள்ளே 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதை இப்போதே சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம். கியர் கம்பியைக் கழற்றி அந்த ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். பெட்டியில் இப்போது ஆயில் ஊற்ற வேண்டாம், வால் கீழே போகும்போது எங்கே வழி இருக்கிறதோ அங்கே வழியும்.

வண்டியைத் தயார் செய்வது

பாட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும் (1974 வரை வந்த வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பாட்டரிகள் இருக்கும்). பானட், ரேடியேட்டர், அதைத் தாங்கும் தகடு, ஆயில் கூலர் எல்லாம் வெளியே. வலப்பக்கத்தில் தொங்கும் கிளட்ச் சிலேவ் சிலிண்டரை (பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளுவது இதுதான்) குழாயோடு அப்படியே தூக்கிக் கட்டிவையுங்கள், குழாயைக் கழற்றாவிட்டால் காற்று எடுக்கிற வேலை மிச்சம், ஆனால் அது தொங்கும் வரை யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகிவிட்டேன் நான், வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் புகைக்குழாயோடு விட்டு இடப்பக்கமாக ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டினேன். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் நுனியையும் ஒரு பக்கமாகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் போய் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்ச் சூடு காட்டும் மீட்டரிலிருந்து வரும் மெல்லிய செம்புக் குழாய் ஒயர் இல்லை, உள்ளே திரவம் அடைத்த குழாய். மடிந்தால் மீட்டரே போச்சு. அதைச் சுருட்டி ஓரமாக ஒட்டிவிடுங்கள். பக்கத் தகடுகள் மேல் பழைய போர்வை.

வண்டி நாலு ஸ்டாண்டிலும் நிற்கட்டும், கிரேன் கால் அடியில் நுழையும் அளவுக்குத்தான் உயரம். பின்பக்கம் கொஞ்சம் அதிகம் தூக்கி இருந்தால் நல்லது, ஏனென்றால் இன்ஜின் வால் கீழே போகும்படி 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்து போய்த்தான் சுரங்கத்துக்குள் நுழையும், வண்டியும் முன்பக்கம் குனிந்திருந்தால் அவ்வளவு சாய்க்க வேண்டியதில்லை.

தூக்குவது

ராக்கர் கவர் ஸ்டட் இரண்டில் பிராக்கெட் போட்டுத் தூக்குகிறவர்கள் உண்டு. இன்ஜின் மட்டும் என்றால் சரி, பெட்டியும் பின்னால் தொங்கும்போது அந்த இரண்டு ஸ்டட்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை. முன்னால் ஒரு பட்டை, பெல் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு பட்டை, இரண்டும் லெவலரில். தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி, லெவலரைச் சுற்றிச் சாய்த்துப் பாருங்கள், பட்டை நழுவினால் அங்கேயே நழுவட்டும்.

பிறகு மெதுவாக. ஒருவர் கிரேன் வால்வில், இன்னொருவர் பெட்டியின் வாலைப் பிடித்து வழிகாட்ட. வால் தீச்சுவரை (இன்ஜின் அறைக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) தாண்டிச் சுரங்க வாயில் நுழைந்ததும் ஒரு அங்குலம் இறக்கு, ஒரு அங்குலம் பின்னால் தள்ளு, லெவலரில் இரண்டு சுற்று சாய்வைக் குறை, இதே தாளம்தான் கடைசி வரை. நின்றுவிட்டால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம், நூற்றுக்குத் தொண்ணூறு ஒரு ஒயரோ குழாயோ நடுவில் மாட்டியிருக்கும். விளக்கை அடித்துப் பாருங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். கையை இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் விடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

முன் மவுண்டு போல்ட்களை இரண்டு மரை மட்டும் பிடிக்கும்படி மாட்டிவிட்டு அப்படியே விடுங்கள். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். சந்தோஷத்தில் முன்னால் முழுசாக முடுக்கிவிட்டுப் பின்னால் போனேன், பெட்டி அரை அங்குலம் இடப்பக்கம் நின்றது, அசைய மறுத்தது.

அந்தக் குறுக்குச் சட்டம்

கியர்பாக்ஸின் பின்பாதியைத் தாங்குவது ஒரு வளைந்த இரும்புச் சட்டம். இரண்டு ரப்பர் மவுண்டுகள் பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில், சட்டம் நாலு போல்ட்டில் சேஸிஸோடு. எழுதும்போது எளிதாக இருக்கிறது. படுத்துக்கொண்டு செய்யும்போது மவுண்டு பொருந்தினால் சேஸிஸ் ஓட்டை தள்ளி நிற்கும், சேஸிஸ் பொருந்தினால் மவுண்டு தள்ளி நிற்கும். முதல் முறை மூன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினேன், கண்ணில் விழுந்த துருவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது முறை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. நாலு ஓட்டைகளின் மரையையும் முந்தின நாளே மரை வெட்டும் டேப் கருவி விட்டுச் சுத்தம் செய்திருந்தேன், ஒவ்வொரு போல்ட்டும் விரலாலேயே உள்ளே போனது. ஒரே அளவு மரையுள்ள நீண்ட போல்ட் இரண்டை வாங்கித் தலையை அறுத்து, நுனியைக் கூராக ராவி, சேஸிஸில் எதிரெதிர் மூலைகளில் வழிகாட்டி ஊசிகளாகத் திருகினேன். சட்டத்தை அவற்றில் கோத்து மேலே தள்ளினால் தானே இடத்துக்கு வரும். பெட்டியை ஜாக்கியால் தூக்கும்போது நடுவில் மரக்கட்டை, அதுவும் ஓவர்டிரைவின் அடித்தட்டில் படாமல், அது வலுவான இடம் இல்லை. மவுண்டு நட்டுகள், சேஸிஸ் போல்ட்கள் எல்லாமும் இரண்டு மூன்று மரை பிடித்த பிறகுதான் ஒன்றையாவது முடுக்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு போல்ட் நுழைய மறுத்தால் அதை விட்டுவிட்டுப் பெட்டியை ஜாக்கியில் நூல் அளவு ஏற்றி இறக்கிப் பாருங்கள். எல்லாம் பிடித்ததும் முதலில் சட்டம், பிறகு பின் மவுண்டு, கடைசியில் முன் மவுண்டு. அதுவரை கிரேன் கொக்கி கழற்றப்படக் கூடாது.

மற்ற இணைப்புகள்

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு நாலு போல்ட், நட்டுகள் புதியவை, கழற்றும்போது குறித்துவைத்த கோடுகள் ஒன்றுசேரும்படி. பின்சக்கரத்தைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு போல்ட்டாகக் கைக்கு வரும், கைப்பிரேக் விடுபட்டிருக்கட்டும். சிலேவ் சிலிண்டர், ஸ்பீடோ கேபிள், புகைக்குழாய், எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு, சோக், ஆக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் குழாய்கள், ரேடியேட்டர். ஸ்பார்க் ஒயர் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும்.

எதை மறந்தாலும் எர்த் பட்டையை மறக்காதீர்கள். இன்ஜினும் பெட்டியும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன, பாடியோடு மின்சாரத் தொடர்பு அந்த ஒரு பின்னல் பட்டைதான். நான் மறந்தேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் முனகியது, அடுத்த நொடி டேஷ்போர்டிலிருந்து புகை. ஸ்டார்ட்டர் கேட்கிற அத்தனை மின்சாரமும் வேறு வழி இல்லாமல் சோக் கேபிள் வழியாகப் பாடிக்குத் திரும்பியிருக்கிறது, கேபிள் உறை உருகிக் கையோடு வந்தது. 1967 வரை வந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பாட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணையும் என்பதையும் பாட்டரி மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில், முதல் ஸ்டார்ட்

இந்தப் பெட்டிக்கும் இன்ஜினுக்குப் போடுகிற அதே 20டபிள்யூ-50 ஆயில்தான், கடைக்காரர் கியர் ஆயிலை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓவர்டிரைவ் இருந்தால் 3.4 லிட்டர், இல்லாவிட்டால் 3 லிட்டர். என் வண்டி மாதிரிப் பழையவற்றில் காருக்குள் கார்ப்பெட்டுக்கு அடியில் ரப்பர் மூடியும் டிப்ஸ்டிக்கும் இருக்கும், நீளமான புனல் வேண்டும். இன்ஜினுக்கு நாலேகால் லிட்டர், கூலருக்கு இன்னும் அரை லிட்டர் போல.

வெகுநாள் காய்ந்து கிடந்த இன்ஜினில் ஆயில் பம்ப் சில சமயம் ஆயிலை இழுக்காது. பிளாக்கின் பின்புறத்திலிருந்து கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி அதற்குள் ஆயிலை ஊற்றிக்கொண்டே இன்ஜினைக் கையால் பின்னோக்கித் திருப்பினால் பம்ப் நிறைந்துவிடும். பிறகு ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைப் பதினைந்து வினாடி ஓட்டுங்கள், ஒரு நிமிடம் விடுங்கள், மறுபடி. ஆயில் அழுத்த மீட்டரின் முள் எழும்பும் வரை பிளக் மாட்டக் கூடாது, முள் எழும்பவே இல்லை என்றால் ஸ்டார்ட் செய்கிற பேச்சே இல்லை. புது கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால் ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் பக்கத்தில் இருபது நிமிடம் வையுங்கள். கராஜ் கதவு திறந்திருக்கட்டும். ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50-லிருந்து 80 பவுண்டுக்குள் இருந்தால் கவலை இல்லை.

முதல் ஓட்டம் தெருமுனை வரை போதும். திரும்பி வந்து அடியில் படுத்து சொட்டு எங்கே என்று பாருங்கள், சட்டத்தின் நாலு போல்ட்டையும் ரெஞ்ச் வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஓவர்டிரைவ் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் ஆயிலை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஆகவே பெட்டியின் டிப்ஸ்டிக்கை மறுபடி பார்த்து நிரப்புங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் இன்ஜின் எண் மாறியிருந்தால் பதிவுப் புத்தகத்தில் மாற்றச் சொல்லி டிவிஎல்ஏ-வுக்கு (அங்கே வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) எழுத வேண்டும். கார்ப்பெட்டை மட்டும் இப்போதே ஒட்டிவிடாதீர்கள், இந்த மாதத்தில் இன்னும் இரண்டு தடவையாவது அந்த மூடியைத் திறக்கப் போகிறீர்கள்.